கலைவாணர் கதையைப் பிள்ளைகள் வில்லில் பாட வைப்பது எப்படி

நவம்பர் 29 நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பிறந்தநாள். அது நெருங்கினால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிகளிலிருந்து யாராவது ஒரு ஆசிரியர் என்னைக் கூப்பிடுவார். "டீச்சர், என்.எஸ்.கே. பிறந்தநாளுக்குப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்யணும், என்ன செய்யலாம்?" என்பார். நான் சொல்வது எப்போதும் வில்லுப்பாட்டுதான். பேச்சுப்போட்டி வைத்தால் பிறந்தார், நடித்தார், மறைந்தார் என்று முடிந்துவிடும். வில் அவருடைய சொந்தக் கலை. நாடகக் கம்பெனிக்குப் போகும் முன்பே வில்லுப்பாட்டில் பழகியவர். பின்னாளில் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப் போய், அவர் எழுதிய காந்தி கதையை வில்லில் பாடியவரும் அவர்தான்.

அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஏழு பிள்ளைகள் போதும். நடுவில் உட்கார்ந்து வீசுகோல் (வில்லை அடிக்கும் கோல்) பிடித்துக் கதை சொல்லும் புலவர் ஒருவர், குடம் ஒருவர், உடுக்கை ஒருவர், தாளம் ஒருவர், பின்பாட்டுக்கு மூவர். புலவர் இடத்துக்கு நல்ல குரலைத் தேடாதீர்கள். நிறுத்திப் பேசத் தெரிந்த பிள்ளையைத் தேடுங்கள். பின்பாட்டில் இருந்துகொண்டு புலவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமா' போடும் பிள்ளைதான் பாதி நிகழ்ச்சி. சலிப்பாக ஒரு 'ஆமா', சந்தேகமாக ஒரு 'ஆமா', அழுகிற மாதிரி ஒரு 'ஆமா' என்று தனியாக உட்கார்த்தி வைத்துப் பழக்குங்கள்.

தொடக்கத்தில் கடவுளை வணங்கும் காப்புப் பாட்டு முடிந்ததும் ஊரையும் பெற்றோரையும் சொல்ல வேண்டும். 1908, நாகர்கோவில் ஒழுகினசேரி. அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். ஊர்த் தெய்வங்களான சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை (கோயில் திருவிழா) நடக்கும்போது விடிய விடிய வில்லடிக்கிற நாடு இது. இந்த இரண்டு பெயரையும் புலவர் நிறுத்திச் சொன்னால் கூட்டத்தில் இருக்கும் பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து வறுமை. இதை உருக்கமாகச் சொல்லக் கூடாது. நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

"காலையிலே டென்னிஸ் மைதானத்திலே என்ன வேலை?"
"பந்து பொறுக்குற வேலை!"
"அது முடிஞ்சா?"
"மளிகைக்கடையிலே பொட்டலம் மடிக்கிற வேலை!"
"பொழுது சாய்ஞ்சா?"
"நாடகக் கொட்டகையிலே பலகாரம் விக்கிற வேலை!"
"அப்போ பள்ளிக்கூடம்?"

இங்கே யாரும் பதில் சொல்லக் கூடாது. குடம், தாளம் எல்லாம் நிற்க வேண்டும். மூன்று நொடி கழித்து 'ஆமா' போடும் பிள்ளை மெதுவாக, "நாலாம் வகுப்போட நின்னு போச்சு" என்று சொல்லட்டும். இந்த இடம் சரியாக வந்துவிட்டால் கலைவாணரின் வேலை என்ன என்பது பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும். முதலில் சிரிக்க வைப்பார். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே விஷயம் உள்ளே போய்விடும். அந்தச் சிரிப்பில் இல்லாதவனைக் கேலி செய்வது இருக்காது. அதனால் ஒத்திகையில் ஒரு பிள்ளை குண்டு, கறுப்பு, திக்குவாய் என்று சிரிப்புக் காட்டினால் உடனே நிறுத்துங்கள். குரலை மாற்றி அவரைப் போலவே பேசிக் காட்டுவதும் வேண்டாம்.

நாடகம், சினிமா பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனி, 1935இல் திரைக்கு வந்தது, 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போனபோது நடிகை டி.ஏ. மதுரத்தோடு ஏற்பட்ட பழக்கம், பிறகு கல்யாணம். படப் பட்டியல் வாசிக்கவே கூடாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: தன் நகைச்சுவைப் பகுதியைத் தன் குழுவை வைத்துத் தானே உருவாக்கிக் கொடுத்தவர் அவர். அந்தக் குழுவில் மதுரம் சரிபாதி. கணவன் மடக்கினால் மனைவி திருப்பி மடக்குவார். அதற்காகவே பின்பாட்டில் ஒரு இடத்தைக் கட்டாயம் பெண் பிள்ளைக்குக் கொடுப்பேன்.

சிறைக்குப் போன கதையை விட்டுவிடலாமா என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கொலையானார். நடிகர் நடிகைகளைப் பற்றி அவதூறு எழுதிப் பிழைத்தவர். அந்த வழக்கில் கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கொலையை நடித்துக் காட்டுவது, போலீஸ் தொப்பி எல்லாம் வேண்டாம். அந்த நேரத்தில் வில் அடிக்காமல் உடுக்கை மட்டும் மெல்ல ஒலிக்கட்டும். புலவரும் ஒதுங்கிக்கொள்ள, பெண் பிள்ளை மதுரமாகப் பேசட்டும்: வீட்டுக்காரர் சிறையில், கம்பெனியை நம்பி இத்தனை பேர், கொட்டகையை மூட முடியுமா? உண்மையிலும் மதுரம்தான் அந்த நாட்களில் நாடகத்தை நடத்தினார். வழக்குச் செலவு தலைக்கு மேல் இருந்தது. விடுதலைக்குப் பிறகு பாகவதரின் பழைய காலம் திரும்பவில்லை. கலைவாணர் வந்ததும் வேலையைத் தொடங்கினார். சிறையைச் சொல்லாமல் விட்டால் அடுத்து வரும் 'கிந்தனார்' கதைக்குக் கனம் இருக்காது.

கிந்தனாருக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்தும் கதாகாலட்சேபம் (பாட்டோடு கதை சொல்வது) இது. படத்துக்குக் கதை வசனம் அண்ணா. நந்தனார் சரித்திரத்தின் அச்சிலேயே வார்த்தது: சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தன் சிதம்பரம் பார்க்கத் துடித்தான், கிந்தன் படிக்கத் துடிக்கிறான். நந்தனுக்குக் கோயில், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு முதலில் நந்தன் கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் படத்திலிருந்து இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். நந்தன் கதை தெரியாத பிள்ளைக்கு இதன் குறும்பு புரியாது.

படத்தில் உள்ள வரிகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். சொந்த வார்த்தையில் சொல்லட்டும். ரயில் வரும் இடத்தைக் குடத்தை வைத்துக் கட்டுங்கள். பாக்கு மட்டையால் குடத்தின் வாயில் மெதுவாக ஒன்று, இரண்டு என்று தொடங்கி, தாளம் சேர்ந்து, வில் மணிகள் சேர்ந்து, ரயில் வேகம் பிடிக்க வேண்டும். வேகம் உச்சத்துக்குப் போனதும் புலவர் கேட்பார்: "இந்தப் பெட்டியிலே யாரெல்லாம் ஏறலாம்?" பின்பாட்டு மூவரும், "டிக்கெட் எடுத்த எல்லாரும்!" சாதி பார்க்காமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிற ரயிலை அவர் அந்தக் காலத்திலேயே பாடிவிட்டார்.

கிந்தனாக யார் பேசுவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு பிள்ளையின் தெருவைப் பார்த்து இந்த வேடத்தைக் கொடுப்பது பெரிய கொடுமை. நான் ஏழு பேரையும் ஆளுக்கு இரண்டு வரி கிந்தனாகப் பேச வைப்பேன். புலவரும் பேசியாக வேண்டும்.

அவர் மறைந்தது 1957 ஆகஸ்ட் 30, வயது 48. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு எல்லாரையும் வாழ்த்தி முடிக்கும் வாழிப் பாட்டுக்குப் போய்விடுங்கள். வாழியில் ஒழுகினசேரி, மதுரம், உங்கள் பள்ளி, மதியச் சோறு சமைத்த அக்கா எல்லாரும் வரட்டும்.

கடைசியாக வில். கொடைக் காலத்தில் எந்தக் குழுவும் வில்லைத் தராது. நவம்பரில் உங்கள் ஊர் வில்லுப்பாட்டு அண்ணாச்சியிடம் நேரில் போய்க் கேளுங்கள். வில்லோடு அவரையும் ஒரு நாள் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் உட்காரும் முறையையும் வீசுகோல் பிடிக்கும் முறையையும் அவர் சொல்லிக் கொடுக்கட்டும். அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தைப் பள்ளி கட்டாயம் கொடுக்க வேண்டும்.