என்ஜின் மிஸ்ஸிங்: இக்னிஷன் காயிலை நீங்களே சோதித்து மாற்றும் முறை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக உதறுகிறது. மேம்பாலம் ஏறினால் வண்டி திணறுகிறது, பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) என்று சொல்லி, நான்கு காயிலையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

நானும் ஒருமுறை அப்படியே மாற்றினேன். ஒரே வாரத்தில் அதே உதறல் திரும்பியது. வாட்டர் சர்வீஸின்போது, பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கின் குழிக்குள் இறங்கித் தேங்கிய தண்ணீர்தான் காரணம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நான்கு நல்ல காயில்கள் வீணாயின. அன்று முதல், எந்தக் காயில் கெட்டது என்று கண்ணால் பார்க்காமல் புதிய காயில் வாங்குவதில்லை. இந்தக் கட்டுரையிலும் மாற்றும் வேலையைவிடச் சோதிக்கும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும்.

இங்கே சொல்வது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கு. மாருதி ஸ்விஃப்டின் கே-சீரிஸ் 1.2 லிட்டர் என்ஜின் இந்த வகைதான். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது; உங்களுடையது டீசல் என்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

காயில் என்ன செய்கிறது?

அது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் முனையில் இருக்கும் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட அவ்வளவு மின்னழுத்தம் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் இன்னும் அதிகம் வேண்டும். அதனால்தான் பல வண்டிகளில் காயிலைக் கொல்வது மாற்றாமல் விட்ட பழைய பிளக். சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் வாயுக் கலவையைப் பற்றவைக்க மின்னழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுவதால் காயிலுக்குச் சுமை மேலும் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் கூடு சூட்டில் உருகிவிடும். அதன் விலைக்குப் பல காயில்கள் வாங்கலாம்.

முதல் படி: எந்தச் சிலிண்டர்?

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் இணைப்பு) இருக்கும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகிக் கைப்பேசியில் கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. கடைசி எண்தான் விலாசம். பி0351 முதல் பி0354 வரை வந்தால் கோளாறு அந்தக் காயிலின் மின்சுற்றில். பி0300 மட்டும் வந்தால் பல சிலிண்டர்களும் மாறிமாறி மிஸ் ஆகின்றன என்று பொருள். அப்போது காயிலை முதலில் சந்தேகிக்க வேண்டாம். பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம்? பெரும்பாலான கார்களில் பெல்ட் ஓடும் பக்கம். ரெனோ, பெஜோ போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் பல என்ஜின்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்; இங்கே தவறினால் பின்னால் செய்வதெல்லாம் தவறும்.

இரண்டாம் படி: இடம் மாற்றிப் பார்த்தல்

காசு செலவில்லாத சோதனை இது. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி (கழற்றும் முறை மூன்றாம் படியில் இருக்கிறது) மூன்றில் வையுங்கள். மூன்றில் இருந்ததை இரண்டில் வையுங்கள். காயில்கள் மட்டும்தான் இடம் மாற வேண்டும். இரண்டாவது கனெக்டர் இரண்டிலேயே, மூன்றாவது மூன்றிலேயே இருக்க வேண்டும். அவற்றையும் மாற்றிவிட்டால் தீப்பொறி தவறான நேரத்தில் விழும். பிறகு கோடை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. குற்றவாளி அதுதான். மீண்டும் பி0302 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன் என்று தேட வேண்டும். வயரிங் என்றதும் எலியை மறக்க வேண்டாம். இரவில் என்ஜின் சூட்டுக்கு வந்து தங்கும் எலி, காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கடித்துவிட்டுப் போவது நம் ஊரில் சகஜம். கனெக்டரிலிருந்து ஒரு முழம் தூரம் வரை வயரை விரலால் தடவிப் பாருங்கள்.

ஓடும் என்ஜினில் காயிலைத் தூக்கித் தீப்பொறி பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். கைக்கும் ஆபத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கும் ஆபத்து.

கையில் இருக்க வேண்டியவை

10 எம்எம் சாக்கெட், ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 எம்எம், சில புதிய என்ஜின்களில் 14 எம்எம்), டார்ச், கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ். டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் மிக நல்லது.

மூன்றாம் படி: கழற்றுதல்

என்ஜின் நன்றாக ஆறட்டும். குறைந்தது ஒரு மணி நேரம். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளக்கைக் கழற்றினால் மரை போகும். சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் மூடியும், வழியை மறைத்தால் ஏர் ஃபில்டர் பெட்டியும் வெளியே வரட்டும்.

கனெக்டரில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சிலவற்றில் சிறிய பூட்டு ஒன்றை முதலில் பின்னால் தள்ள வேண்டும், பிறகு தாழை அழுத்த வேண்டும். பல வருட சூட்டில் பிளாஸ்டிக் அப்பளம்போல் ஆகியிருக்கும். கனெக்டரை முதலில் காயிலை நோக்கி லேசாகத் தள்ளி, தாழை அழுத்திக்கொண்டே பின்னால் இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

10 எம்எம் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால், பிளக்கின் தலையை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். தங்கினால் நீண்ட மூக்குக் குறடால் எடுக்கலாம்.

நான்காம் படி: குழிக்குள் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று நிலைகளில் ஒன்று தெரியும். உலர்ந்திருந்தால் நல்லது. தண்ணீரோ துருவோ இருந்தால் மேலிருந்து தண்ணீர் இறங்குகிறது. உலர்த்திவிட்டுப் பழைய காயிலையே திரும்பப் போட்டுப் பாருங்கள், வேலை முடிந்திருக்கலாம். எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பெட் கவர் கேஸ்கெட்டோ (என்ஜின் மேல்மூடியின் கசிவுத் தடுப்பு) பிளக் குழாயின் சீலோ போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதிய காயில் போட்டால், எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பி, அதுவும் சில மாதங்களில் போகும்.

கழற்றிய காயிலின் ரப்பர் உறையையும் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்குப் பாய்ந்த தடம் அது.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

ஐந்தாம் படி: புதியதைப் பொருத்துதல்

புதிய காயிலைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: பாக எண், கனெக்டரில் உள்ள பின்களின் எண்ணிக்கை, ரப்பர் உறையின் நீளம். அடையாளம் தெரியாத மலிவுக் காயிலை வாங்குவதைவிட நிறுவனத்தின் பாக விற்பனை நிலையத்தில் ஒன்றை மட்டும் வாங்குவது மேல். நான்கையும் மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்; கெட்டதை மட்டும் மாற்றுங்கள். பிளக்குகள் பழையவை என்றால் அவற்றை மட்டும் நான்காக மாற்றுங்கள்.

பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் மாட்டித் திருகினால், மரை பிசகும்போது குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். இறுக்கும் அளவு பெரும்பாலும் 18 முதல் 25 நியூட்டன் மீட்டர். சரியான எண் கையேட்டில் இருக்கும்.

ரப்பர் உறையின் உள்விளிம்பில் மட்டும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் படக் கூடாது. காயிலை நேராக அழுத்தினால் பிளக்கின் தலையில் போய் உட்காருவதைக் கை உணரும். போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரென்ச் இல்லாவிட்டால், இறுகிய பின் ராட்செட்டை இரண்டு விரலால் ஒரு சிறு அசைவு. கனெக்டர் 'க்ளிக்' என்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் பொருந்தவில்லை.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்தல்

பேட்டரியை இணைத்து என்ஜினை இயக்குங்கள். பேட்டரியைக் கழற்றியதால் முதல் சில நிமிடம் ஐடிலிங் ஏற்ற இறக்கமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். கோடை அழித்துவிட்டு, முன்பு திணறிய அதே மேம்பாலத்தில் அதே கியரில் ஏற்றிப் பாருங்கள். ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை தெரிந்தால், நான்கு சிலிண்டருக்கும் பூஜ்யமாகவோ அதை ஒட்டியோ நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஒருமுறை கோடைப் படியுங்கள்.

அன்று தேவையில்லாமல் மாற்றிய நான்கு பழைய காயில்களில் ஒன்று இன்னும் என் டிக்கியில் இருக்கிறது, ஒரு 10 எம்எம் சாக்கெட்டோடு.