சாவியைத் திருகும் அவசரம்: நெடுநாள் நின்ற காரை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கத்து வீடுகளில் கொட்டகைக்குள் ஒரு பழைய கார் தூசி படிந்து நிற்பது அதிசயமில்லை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. உறவும் பிழைப்பும் கேரளத்து ஆரியங்காவைத் தாண்டிப் புனலூர், கொல்லம் வரை பரவியிருக்கின்றன. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் அம்பாசடரையோ மாருதி 800-ஐயோ அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு குற்றாலச் சீசனுக்கோ கோயில் கொடைக்கோ வரும்போது, புதிதாக ஒரு பேட்டரியை மாட்டி, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருகுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. நின்ற வருடங்களில் கெடாமல் தப்பிய கார், எழுப்புகிற முதல் பத்து நிமிடங்களில் கெட்டுப்போவதுண்டு. அது தடுக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்த ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இரண்டு மழையின் ஈரமும் படுவதால், உலர்ந்த ஊரில் இரண்டு வருடம் நின்ற காரையும் இங்கே இரண்டு வருடம் நின்ற காரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. தார்ப்பாய் போட்டு இறுக மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தகரத்தை அரிக்கிறது.

கையை உள்ளே விடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். புல் மண்டிய கொட்டகையில் காரின் அடியிலும் பானட்டுக்குள்ளும் பாம்பு ஒதுங்குவது இந்த மலையடிவாரத்தில் நடக்கிற காரியம். நீளமான குச்சியால் தட்டிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் எலி தென்னை நாரை அடைத்துக் கூடு கட்டியிருக்கலாம். சைலன்சர் குழாயின் வாயில் குளவி மண்ணால் அடைத்திருக்கலாம். எலி கடித்த ஒயரைப் பார்க்காமல் பேட்டரி இணைப்பைக் கொடுத்தால் தீப்பிடிக்கும் வாய்ப்புண்டு. ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து எஞ்சின். நீண்ட நாள் நின்றதில் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும், அல்லது சுவரில் கீறல் விழும். பிறகு எஞ்சினை இறக்கிப் பிரிக்கிற செலவுதான். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிறிய கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாளாவது ஊற விடுங்கள். அதன் பிறகு கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய அம்பாசடர் என்றால் முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். மாருதியில் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் கொடுத்து, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். மறுபடி ஆயில் விட்டு மறுநாள் வரை காத்திருங்கள். பொறுமை மட்டுமே மிச்சப்படுத்தித் தரும் இடம் இது.

கையால் சுலபமாகச் சுற்றத் தொடங்கியதும், ஆயில் கேஜை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை வீசினால், பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் கீழே இறங்கியிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. எப்படியிருந்தாலும் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பிளக் போடாமலே, துளைகளின் மேல் துணியைப் போட்டு, செல்ஃபைச் சில விநாடிகள் வீதம் இடைவெளி விட்டு அடியுங்கள். அமுக்கம் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும். ஆயில் விளக்கு அணைந்த பிறகு பிளக்குகளை மாட்டலாம். மாருதி 800-இல் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ரப்பர் என்பதால் வயதைப் பார்த்து அதையும் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் செயின் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பழைய பெட்ரோல்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்பது எங்கும் காணும் தவறு. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சுகிறது. இரும்பு டேங்க்கில் துரு பிடிக்கும். நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ் போலப் பிசுபிசுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டுகளை (நுண்துளைகளை) அடைக்கும். டேங்க்கை முழுவதும் வடித்து, அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் நைந்துபோகச் செய்யும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்க் குழாய் சொட்டி, சூடான எஞ்சின்மேல் விழுந்தால் கார் முழுவதும் போய்விடும். மேலே சொன்னபடி செல்ஃப் அடிக்கப் பேட்டரியை இணைப்பதற்கு முன்பே இதை முடித்திருக்க வேண்டும்.

எஞ்சின் உடனே பிடிக்காவிட்டால், கார்புரேட்டர் வாயில் சிறு புட்டியிலிருந்து பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் தீ கார்புரேட்டர் வழியே வெளியே வரும். புட்டி கையிலேயே பற்றிக்கொள்ளும். பெட்ரோலும் பொறியும் சரியாக வந்தால் எஞ்சின் தானாகப் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பிளாட்டினம் பாயின்ட்டைத் துடைத்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் உள்ள ஈரத்தைப் போக்குங்கள். சாரல் காலத்தில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

பேட்டரி விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. சாலையோரம் நிற்கும் லாரியிலிருந்து இணைப்பு வாங்காதீர்கள். லாரிகளில் பொதுவாக 24 வோல்ட், நம் காரில் 12 வோல்ட். கொட்டகையின் கதவையும் நன்றாகத் திறந்து வையுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். கிளட்ச் பிளேட் எஞ்சினின் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் கிளட்சை மிதித்தாலும் எஞ்சின் காரை இழுப்பது நிற்காது. ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்த வழி தேட வேண்டியிருக்கும். ஏனென்றால் பிரேக்கையும் நம்ப முடியாது. எஞ்சின் உறுமியதும் எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள், பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தே நிறுத்தியிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவுக்கு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால், கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் உண்டாகி பெடல் தரைவரை போய்விடும். நான்கு சக்கரத்தையும் கழற்றி, டிரம்மைத் திறந்து, ஆயிலை முழுவதும் மாற்றாமல் கொட்டகையை விட்டுக் காரை நகர்த்தக் கூடாது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டயரில் பூ நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயதான டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்ற வேண்டியதே. இன்சூரன்ஸ், புகைச் சான்று, பதினைந்து வருடத்துக்குப் பிறகான ஆர்.சி. புதுப்பிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டே சாலைக்கு எடுங்கள். இங்கே கொஞ்ச தூரம் தள்ளினாலே மாநில எல்லைச் சோதனைச் சாவடி வந்துவிடும்.

முதல் ஓட்டம் மலைப் பக்கம் வேண்டாம். தென்காசி நோக்கிச் சமதளத்தில், நடமாட்டம் குறைந்த காலை நேரத்தில், இலஞ்சி வரை மெதுவாகப் போய்த் திரும்புங்கள். டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் அந்த பிரேக் இன்னும் விடுபடவில்லை. அதைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த முறை வெளியே எடுங்கள்.