பூனை உணவின் லேபிளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைவிடப்பட்ட பூனைகளை எடுத்துத் தேற்றி, பொறுப்பாக வளர்க்கக்கூடியவர்களிடம் ஒப்படைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பூனையைக் கொண்டு சென்ற முதல் வாரத்திலேயே பெரும்பாலோரிடமிருந்து ஓர் உணவு பேக்கெட்டின் படம் வரும்; கூடவே ‘இதைக் கொடுக்கலாமா?’ என்ற கேள்வியும் வரும். அந்தப் படத்தில் பேக்கெட்டின் முன்பக்கம் மட்டுமே இருக்கும். பின்பக்கத்தை அனுப்பச் சொன்னால் மூலப்பொருள் பட்டியல் வரும். அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகள் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அந்த இரண்டு வரிகளைப் படிக்காமல் நானும் ஒரு காலத்தில் இருந்தேன், அதன் விளைவை என் பூனை அனுபவித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், உப்பிய டின்னை வாங்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பட்டியல் சிறியதாக இருந்தால் பாதுகாப்பானது என்று நம்புவது

சாம்பி என்று ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை என்னிடம் இருந்தது. அது சாப்பிட்ட டின்னின் பட்டியலை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: கோழி நெஞ்சுக்கறி, கோழி வேகவைத்த நீர், அரிசி. மூன்றே பொருள்கள். நிறமி இல்லை, வாயில் நுழையாத பெயர் ஒன்றுகூட இல்லை. டின்னைத் திறந்தால் நார் நாராகப் பிரியும் கறி கண்ணுக்குத் தெரியும். இதைவிடத் தூய்மையான உணவு வேறு இருக்க முடியாது என்று நம்பி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் வேளைக்கு வேளை அதையே கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் பரிந்துரைக்கவும் செய்தேன்.

முதலில் தெரிந்தது ஒரு சிறு மாற்றம்தான். நல்ல வெளிச்சத்திலும் சாம்பியின் கண்மணிகள் அகன்றே இருந்தன. பிறகு, நாள்தோறும் தாவி ஏறும் ஜன்னல் திட்டை ஒருநாள் தவறவிட்டுக் கீழே விழுந்தது. நாற்காலியை இடம் மாற்றிப் போட்டால், மீசை அதன் காலில் உரசிய பிறகே விலகிச் சென்றது. மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விழித்திரை சிதைந்திருக்கிறது என்றார்; அடுத்து, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் டின்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பட்டியலைப் படிக்கவே இல்லை. டின்னைத் திருப்பி, லேபிளின் ஒட்டு ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்த ஒரு வரியின் மீது விரலை வைத்தார்: ‘துணை உணவு மட்டுமே’.

பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே வந்தாக வேண்டும். தேவையான அளவுக்கு அதை ஆக்கிக்கொள்ளப் பூனையின் உடலால் முடியாது. பித்த உப்புகளை உருவாக்க டாரினையே நம்பியிருப்பதால், அதில் ஒரு பகுதியை நாள்தோறும் இழந்துகொண்டும் இருக்கிறது. டாரின் குறைந்தால் விழித்திரை அழியும் என்பது 1975-ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து இதயம் விரிந்துபோகும் நோய்க்கும் இந்தக் குறைபாடு காரணமாகிறது என்பதை 1987-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த பூனைகள் கடையில் விற்ற உணவையே சாப்பிட்டு வந்தவை; டாரின் கொடுத்ததும் அவற்றின் இதயம் தேறியது. உற்பத்தியாளர்கள் டாரின் அளவைக் கூட்டியது அதன் பிறகுதான். ஆனால் இதயம் தேறுவதுபோல விழித்திரை தேறுவதில்லை. சாம்பியின் இதயம் தப்பியது, மிச்சமிருந்த பார்வை மேலும் குறையாமல் நின்றது. அதற்குமேல் எதையும் மீட்க முடியவில்லை.

கோழியின் நெஞ்சுக்கறியில் டாரின் மிகக் குறைவு; தொடை, கால் போன்ற கருஞ்சதையிலும் இதயத்திலும்தான் அது மிகுதியாக இருக்கிறது. எலும்பு சேராத கறியில் கால்சியமும் பெயரளவுக்குத்தான் இருக்கும். வளரும் குட்டிக்கு அதை மட்டுமே கொடுத்தால், எலும்பு வலுவிழந்து, ஒரு சாதாரணக் குதியிலேயே முறிந்துவிடக்கூடும். நான் வாங்கிய டின்னில் கெட்டுப்போனதோ நச்சானதோ எதுவும் இல்லை. பட்டியலில் இருந்த மூன்று பொருள்களும் உண்மை. இருக்க வேண்டியவை அதில் இல்லை என்பதுதான் சிக்கல், இல்லாததைப் பட்டியல் காட்டாது.

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதைச் செய்பவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். கையில் கிடைத்த சாதாரண பேக்கெட்டை எடுத்துப்போகிறவரின் பூனை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, ஏனெனில் அந்த பேக்கெட் அநேகமாக முழுமையான உணவாக இருக்கும். பட்டியலைச் சொல் சொல்லாகப் படித்து, சுருக்கமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்குகிறவரின் பூனைதான் மாட்டிக்கொள்கிறது. முன்பக்கத்தில் கறியின் பெரிய படத்தைப் போட்டுவிட்டு, பூனையின் உடல்நலத்தையே தீர்மானிக்கும் வரியை ஒட்டு ஓரத்தில் ஒளித்து அச்சிடுவது சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அது ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

ஆகவே, பட்டியலுக்கு முன்பாக அந்த வரியைத் தேடுங்கள். ‘முழுமையானதும் சரிவிகிதமானதும்’ என்று இருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கமான ஆஃப்கோ, ஐரோப்பிய வளர்ப்புப் பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பான ஃபெடியாஃப் ஆகியவை வகுத்த ஊட்ட அளவுகளில் ஒன்றை அந்த வரி குறிப்பிடுவது வழக்கம். ஆஃப்கோ எந்த உணவையும் தானே சோதிப்பதுமில்லை, அங்கீகரிப்பதுமில்லை. அளவுகளை வகுக்கிறது, அவற்றை எட்டியிருப்பதாகச் சொல்லும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. டாரினுக்கு அது வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஈரத்தைக் கழித்த கணக்கில், உலர் உணவுக்கு 0.1 சதவீதம், டின் உணவுக்கு 0.2 சதவீதம். டின்னில் அடைத்துக் காய்ச்சும் சூட்டில் புரதம் மாறும் விதத்தால் குடல் பாக்டீரியாக்கள் டாரினைக் கூடுதலாகச் சிதைக்கின்றன. அதனால்தான் இந்த இரட்டிப்பு.

அதே வரியில் வயதும் இருக்கும். ‘வளர்ந்த பூனைக்கு’ என்று மட்டும் எழுதிய உணவு குட்டிக்கும் சினைப் பூனைக்கும் போதாது; ‘வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும்’ அல்லது ‘எல்லாப் பருவங்களுக்கும்’ என்று இருக்க வேண்டும். மாறாக, ‘துணை உணவு’, ‘இடையிடையே கொடுப்பதற்கு மட்டும்’ என்பன போன்ற சொற்கள் இருந்தால், அது எத்தனை அழகான டின்னில் வந்தாலும் நொறுக்குத் தீனிதான். நாளொன்றுக்கு வேண்டிய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்து வரக் கூடாது. எந்த வரியும் இல்லாத பேக்கெட்டையும் துணை உணவாகவே கருதுகிறேன்.

## வாயில் நுழையாத பெயர்களுக்கு அஞ்சுவது

பட்டியலின் கடைசிப் பகுதியில் பைரிடாக்ஸின் ஹைட்ரோகுளோரைடு, தயாமின் மோனோநைட்ரேட், கோலின் குளோரைடு, துத்தநாக சல்பேட் என்று வரிசையாக வரும். முதலிரண்டும் பி6, பி1 வைட்டமின்கள். மற்றவையும் பூனைக்கு வேண்டிய சத்துகளே. சாம்பியின் டின்னில் இருந்திருக்க வேண்டியவையும் இவைதான். ‘ரசாயனம் இல்லாத உணவு வேண்டும்’ என்று இவற்றை ஒதுக்கியவர்கள் என்னிடம் வராத மாதமே இல்லை.

அஞ்ச வேண்டியவை வேறு. அவற்றில் சிலவற்றின் பெயர்கள் மிக எளிமையானவை. வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். ‘இயற்கைச் சுவைக்காக’ என்று வீட்டுத் தயாரிப்புத் தீனிகளில் இவற்றைச் சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தீனியை ஈரமாக வைத்திருக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் அதே சிவப்பணுக்களையே தாக்குகிறது. பூனை உணவில் அதைச் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996-இல் தடை விதித்தது. நாய்களுக்கான மென்மையான தீனிகளில் அது இன்னும் இருக்கக்கூடும் என்பதால், நாயும் பூனையும் ஒன்றாக வளரும் வீடுகள் கவனிக்க வேண்டும். மூன்றாவது சல்ஃபைட்டுகள்: இறைச்சியின் நிறம் மாறாமல் வைக்கப் பயன்படும் இவை தயாமினை அழித்துவிடுகின்றன. தயாமின் இல்லாத பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும், பிறகு தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்து மார்பை நோக்கித் தொங்கும், வலிப்பு வரும். கழுத்துத் தொங்குவதைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உரிய நேரத்தில் தயாமின் ஊசி போட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

## முதல் பெயர் இறைச்சியாக இருந்தால் போதும் என்று எண்ணுவது

மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பதே விதி. அந்த எடை, பொருளைக் கலவையில் போடும்போது உள்ள எடை. புதுக் கோழிக்கறியில் பத்தில் ஏழு பங்கு நீர். நூறு கிலோ கலவையில் முப்பது கிலோ கோழியும் இருபது கிலோ சோளமும் இருந்தால் கோழிதான் முதலில் எழுதப்படும். உலர் உணவாகச் சுட்டெடுத்த பிறகு அந்தக் கோழியில் ஒன்பது பத்து கிலோதான் எஞ்சும், சோளம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நீரை ஏற்கெனவே வற்ற வைத்த கோழி மாவு இரண்டாம் இடத்தில் இருந்தால், முதல் இடத்துப் புதுக் கோழியைவிடக் கூடுதல் புரதத்தை அதுவே தரக்கூடும்.

ஒரே தானியத்தைச் சோளம், சோள மாவு, சோள குளூட்டன் (சோளப் புரதம்) என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் தனித்தனியே கீழே இறங்கிவிடும். அவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

பட்டியல் எதைக் காட்டாது என்பதற்கு 2007-ஆம் ஆண்டைவிடப் பெரிய சாட்சி இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது தெரியவந்தது. கோடிக்கணக்கான டின்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் பட்டியலில் கோதுமை குளூட்டன் என்றுதான் இருந்தது. புரதச் சோதனை உண்மையில் நைட்ரஜனை அளக்கிறது என்பதால், நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்து புரதத்தைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். மெலமினும் அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்தன. எத்தனை கவனமாகப் படித்தாலும் லேபிளிலிருந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவே, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, கலவையை வகுத்தவர் யார், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதிக்கிறீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். நேரான பதில் சொல்லாத நிறுவனத்தின் உணவை நான் வாங்குவதில்லை.

## உலர் உணவின் சதவீதத்தையும் டின்னின் சதவீதத்தையும் அப்படியே ஒப்பிடுவது

உலர் உணவில் புரதம் 32 சதவீதம், டின்னில் 10 சதவீதம் என்று இருந்தால் டின்னைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஈரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். டின்னில் ஈரம் 78 சதவீதம் என்றால் மிச்சம் 22. பத்தை 22-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 45. உலர் உணவில் ஈரம் 10 சதவீதம் என்றால் மிச்சம் 90. இதே கணக்கில் ஏறத்தாழ 36. ஆஃப்கோவின் குறைந்தபட்ச அளவும் ஈரம் கழித்ததுதான்: வளர்ந்த பூனைக்கு 26 சதவீதம், குட்டிக்கு 30 சதவீதம்.

## ‘கோழியுடன்’ என்பதைக் ‘கோழி’ என்று படிப்பது

ஆஃப்கோ விதிப்படி ‘கோழியுடன்’ என்று எழுத மூன்று சதவீதக் கோழி போதும். ‘கோழிச் சுவை’ என்பதற்கு அந்தச் சுவை தென்பட்டாலே போதும்.

## ஈரல், நுரையீரல், மண்ணீரலைக் கழிவு என்று ஒதுக்குவது

எலியைப் பிடித்த பூனை தொடைக்கறியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவதில்லை. எந்த விலங்கின் உறுப்பு என்று பெயர் சொல்லியிருந்தால் எனக்கு மறுப்பில்லை. ‘விலங்குப் பொருள்கள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால்தான் தயங்குவேன்.

## ‘பிரீமியம்’

ஆஃப்கோ விதிகளில் இந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை.

## நாய் உணவைப் பூனைக்கும் வைப்பது

கூடாது. டாரின் சேர்க்கும் கட்டாயம் அதற்கு இல்லை.

## நல்ல உணவு கிடைத்ததும் அன்றே மாற்றுவது

ஏழு முதல் பத்து நாள்கள் எடுத்துக்கொண்டு, பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள்கள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

## பையைத் தூக்கி எறிவது

உணவை ஜாடியில் கொட்டிவிட்டுப் பையை எறிந்துவிட்டால், திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது உங்களிடம் இருப்பது அந்தத் தொகுதிதானா என்று தெரியாது. நான் பையோடு ஜாடிக்குள் வைக்கிறேன். அது முடியாதவர்கள் தொகுதி எண்ணும் தேதியும் உள்ள துண்டை வெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கலாம், கடைசிக் கவளம் தீர்ந்து ஒரு மாதம் ஆகும்வரை அதைக் கிழிக்காமல்.