வேதாளைல இருந்து ஓரியூர் வரைக்கும்: நம்ம கடக்கரையை வச்சே திருச்சபை வரலாறு மேல்படிப்பு படிக்கிறது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி பக்கத்துப் பிள்ளைங்க எம்.டிஎச்.ங்கிற இறையியல் மேல்பட்டத்துல சேரும்போது "இந்தியத் திருச்சபையும் பண்பாட்டுமயமாதலும்" (விசுவாசம் உள்ளூர்ப் பண்பாட்டோட சேர்றது) மாதிரி ஒரு பெரிய தலைப்பைத் தூக்கிட்டு வர்றாங்க. அதை விட்டுருங்க, ரெண்டு வருஷத்துல அது முடியாது, முடிச்சாலும் ஏற்கெனவே எழுதுனதத்தான் திருப்பி எழுதுவீங்க. நம்ம மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு சாவு இருக்கு, அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா இறையியலும் வரலாறும் ஒண்ணா வந்து நிக்கும்.

முதல் சாவு 1549ல, மண்டபத்துக்குப் பக்கத்துல வேதாளைல. அந்தோணி கிரிமினாலி, இத்தாலிக்காரர், பார்மா பக்கத்து ஆளு, சேசு சபைச் சாமியார். அந்த சபைல முதல் வேதசாட்சின்னு சபை வரலாறுகள்ல அவரைத்தான் சொல்லுவாங்க. ரெண்டாவது ஓரியூர்ல, 1693 பிப்ரவரி 4, அருளானந்தர், அதாவது போர்த்துக்கீசு சேசு சபைச் சாமியார் ஜான் டி பிரிட்டோ. அவரு கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், செம்மண்ணை நெத்தில பூசிட்டு வந்தவங்கதான நாம. அவருக்கு 1853ல முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 1947ல புனிதர் பட்டம். கிரிமினாலிக்கு இன்னிக்கு வரைக்கும் புனிதர் பட்டம் இல்லை. ஒரே கடக்கரை, ஒரே சபை, ரெண்டு பேருமே வேத வேலைல செத்தவங்க. அப்ப ஏன் இந்த வித்தியாசம்? உங்க ஆராய்ச்சிக் கேள்வி இப்படித்தான் இருக்கணும், ஒரு ஊரு, ஒரு வருஷம், ஒரு "ஏன்".

இந்தக் கேள்வியை எப்படிப் பிடிச்சு உள்ள போறதுன்னு சொல்றேன். வேதசாட்சின்னா விசுவாசத்தின் மேல உள்ள வெறுப்பால கொல்லப்பட்டவர்னு கத்தோலிக்க மரபுல ஒரு அளவுகோல் இருக்கு. வேதாளைல நடந்தது என்னன்னு அந்தக் காலத்துக் கடிதங்களைப் படிச்சா, அங்க போர்த்துக்கீசு கோட்டை ஒண்ணு இருந்துச்சு, ராமேஸ்வரத்துக்குப் போற யாத்திரைக்காரங்ககிட்ட போர்த்துக்கீசு கேப்டன் வரி கேட்டாரு, அதுல மூண்ட பகைலதான் வடுகர்னு சொல்ற தெலுங்குக்காரங்க படை வந்துச்சு, ஓட முடியாத கிறிஸ்தவங்களைப் படகுல ஏத்திக்கிட்டு இருந்த சாமியார் ஈட்டி குத்துப்பட்டு செத்தாரு. இது விசுவாச வெறுப்பா, சுங்கச் சண்டையா? ஓரியூர்லயும் நேரான பதில் கிடையாது. தடியத்தேவர்ங்கிற மறவர் தலைவர் அருளானந்தர் வழியா ஞானஸ்நானம் வாங்கப்போய் ஒரே மனைவியோட இருக்கணும்னு மத்தவங்களை அனுப்பிட்டாரு, அதுல ஒரு அம்மா ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவு, அது அரண்மனைக்கு மானப் பிரச்சினை ஆயிருச்சு. தடியத்தேவரே சேதுபதி பட்டத்துக்கு உரிமை உள்ள குடும்பம்ங்கிறதால அரசியலும் சேந்துக்கிச்சு. அப்ப இது வேதத்துக்காகவா, குடும்ப மானத்துக்காகவா?

இங்கதான் இறையியல் மேதை தாமஸ் அக்குவினாஸை எடுக்கணும். சும்மா மேற்கோள் போட இல்லை, நிஜமாவே உதவுவாரு. அவரோட "சும்மா தியோலோஜியே"ங்கிற லத்தீன் நூல்ல ரெண்டாம் பாகத்தோட ரெண்டாம் பகுதி, 124ஆம் கேள்வி வேதசாட்சியத்தைப் பத்தினது, அதுல அஞ்சாவது பிரிவுல விசுவாசம் மட்டும்தான் காரணமா இருக்கணுமான்னு கேட்டு ஸ்நாபக அருளப்பரை (திருமுழுக்கு யோவானை) உதாரணம் காட்டுறாரு, அவரு விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லிக் கொல்லப்படல, ஏரோதோட கல்யாணத்தைக் கண்டிச்சதுக்காகத்தான் கொல்லப்பட்டாரு, ஆனாலும் வேதசாட்சி. இதைப் படிச்சுட்டு ஓரியூரைத் திரும்பிப் பாருங்க, உடம்பு சிலுத்துரும். ஒரு அத்தியாயம் முழுக்க இங்கயே எழுதலாம்.

இன்னொரு வாசலும் இருக்கு, அது சடங்கு வழக்கு, அதாவது உள்ளூர் வழக்கங்களைக் கிறிஸ்தவங்க வச்சுக்கலாமாங்கிற சண்டை. 1606ல மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி சாமி சந்நியாசி வேஷத்துல பூணூல், குடுமி, சந்தனம்னு வாழ்ந்தாரு, 1623ல பாப்பு அதுக்கு அனுமதி குடுத்தாரு. அப்புறம் தாழ்த்தப்பட்ட சாதிக்காரங்ககிட்டயும் பழகக்கூடிய பண்டாரசாமிங்க வந்தாங்க, அருளானந்தரும் அந்த வழிதான். 1704ல பாப்பு அனுப்புன தூதர் தூர்னோன் போட்ட ஆணை இந்த வழக்கங்கள்ல பலதை தடை பண்ணுச்சு. அப்ப தடை பண்ணுன வழக்கத்தோட வாழ்ந்த ஒருத்தரை எப்படிப் பீடத்துல ஏத்துறதுன்னு அவரோட பட்ட விசாரணையே சிக்கிக்கிச்சு, 1741ல பாப்பு பதினாலாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) அது தடை இல்லைன்னு சொன்னாரு, ஆனா அதே பாப்பு 1744ல இதே வழக்கங்களை, அதாவது மலபார் சடங்குகளைப் பத்திக் கடுமையான ஆணையும் போட்டாரு. இந்த ரெண்டு ஆவணத்தையும் சேத்துப் படிக்காம பண்பாட்டுமயமாதல்னு எழுதுற கட்டுரை எனக்குப் பிடிக்காது. சாதியைத் தொடாம எழுதுறதும் சரியில்ல, யாருக்கு எந்தச் சாமியார், யாரு கோயிலுக்குள்ள எங்க உக்காந்தாங்கன்னு கேக்காம இந்த வழக்கு விளங்காது.

இனி மூல ஆவணம். 1540ல இருந்து 1597 வரைக்கும் சேசு சபைக் கடிதங்கள் டொக்குமென்டா இந்திக்கான்னு 18 தொகுதியா வந்திருக்கு, யோசப் விக்கி பதிப்பிச்சது, கிரிமினாலிக்கு அதுதான் அடித்தளம். சவேரியார் 1542ல வந்து 1544ல தன்கூட வேலை செஞ்ச மான்சிலாஸுக்கு எழுதுன சின்னச் சின்னக் கடிதங்களையும் படிங்க, கரையோட அன்றாடம் அதுல தெரியும். மதுரை மிஷன் ஆண்டுக் கடிதங்களுக்கு பெர்த்ராண்ட் சாமியார் 1847ல இருந்து பிரெஞ்சுல போட்ட நாலு தொகுதி இருக்கு. தேடும்போது வேதாளைன்னு போட்டாக் கிடைக்காது, பேயதாலான்னும் மறவர் நாட்டை மராவான்னும் எழுதிருப்பாங்க.

ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல மூணு கேள்வியைப் பென்சில்ல எழுதிக்கங்க. யாரு எழுதுனாங்க, யாருக்கு எழுதுனாங்க, படிச்சவங்க என்ன செய்யணும்னு எதிர்பாத்தாங்க. ஆண்டுக் கடிதம் ஐரோப்பாவுல பலபேரு படிக்க எழுதுனது, ஆள் வேணும், பணம் வேணும், ஜெபம் வேணும், அதனால அற்புதங்கள் தூக்கலா இருக்கும். சாவுக்கு முந்தின நாள் பிப்ரவரி 3ந் தேதி சிறைல இருந்து அருளானந்தர் தன் மேலாளருக்கு எழுதுனது வேற வகை, அதோட கனமே வேற. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அப்புறம் அந்தப் பக்கத்துக் குரலையும் தேடுங்க. சேதுபதிகளோட செப்பேடுகள் அச்சுல வந்திருக்கு. 1658ல தூத்துக்குடியைப் பிடிச்ச டச்சுக்காரங்க சேதுபதியோட வியாபார ஒப்பந்தம் போட்டவங்க, அவங்க கம்பெனிக் கோப்பு நெதர்லாந்துல ஹேக்ல இருக்கு. சாமியாரைப் புகழணும்னு அவங்களுக்கு அவசியமே இல்லை, அதனாலயே அவங்க எழுதுனது நமக்கு வேணும்.

எங்க சேர்றதுன்னு கேட்டா, செராம்பூர் செனட் (இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் குடுக்குற அமைப்பு) வழியா எம்.டிஎச்.ல கிறிஸ்தவ வரலாறு தனிப் பிரிவு, அதுக்கு முன்ன பி.டி.ங்கிற முதல் இறையியல் பட்டம் முடிச்சிருக்கணும். மதுரை அரசரடில தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கு, பெங்களூர்ல யுடிசி (ஐக்கிய இறையியல் கல்லூரி), சென்னைல குருகுல். எந்த வருஷம் எந்தப் பிரிவு நடத்துறாங்கன்னு நேரா அவங்ககிட்டயே கேட்டுக்கங்க. கத்தோலிக்கப் பக்கம் லைசென்ஷியேட்ங்கிற மேல்பட்டம், பெங்களூர், பூனே, டெல்லில. இறையியல் பட்டம் இல்லாம எம்.ஏ. வரலாறு படிச்ச பிள்ளைங்களும் மனசு விட வேணாம், சென்னைப் பல்கலைக்கழகத்துல கிறிஸ்தவ இயலுக்குத் தனித் துறையே இருக்கு. பொம்பளைப் பிள்ளைங்க கட்டாயம் வாங்க, நம்ம கரைப் பெண்களோட பக்தியும் உழைப்பும் இந்த வரலாற்றுல எழுதப்படாமலே கெடக்கு.

மொழி விஷயத்துல சமாதானம் பண்ணிக்காதீங்க. போர்த்துக்கீசு படிக்கத் தெரிஞ்சாப் போதும், பேச வேணாம், தினம் ஒரு பக்கம்னு ஒரு வருஷம் உக்காந்தா அச்சுல வந்த கடிதங்களை அகராதி வச்சுப் படிச்சிரலாம். கொஞ்சம் லத்தீன். புராட்டஸ்டன்ட் பக்கம் எடுத்தா ஜெர்மன் உதவும், தரங்கம்பாடி மிஷனைப் பத்தி ஜெர்மனி ஹாலேல அச்சான அறிக்கைகள் இணையத்துலயே இலவசமா கிடைக்குது. ராம்நாட்ல வேலை செஞ்ச எஸ்.பி.ஜி.ங்கிற இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷன் கோப்புகள் ஆக்ஸ்ஃபோர்டுல, எல்லாம் இங்கிலீஷ்தான். 16ஆம் நூற்றாண்டுத் தமிழும் பழகணும், என்ரிக்கஸ் சாமியார் 1578ல கொல்லத்துல அச்சடிச்ச தம்பிரான் வணக்கம்ங்கிற வேதபோதனைப் புத்தகத்தை வச்சு ஆரம்பிங்க. அவரு நம்ம முத்துக்குளித்துறைலயே காலத்தைக் கழிச்சவரு, கிரிமினாலிக்கு அப்புறம் மேலாளரா இருந்தவரும் அவருதான்.

ஆவணக் காப்பகம்னா கொடைக்கானல் செண்பகனூர், மதுரை மாநில சேசு சபைக் காப்பகம் அங்கதான். வழிகாட்டிகிட்ட கடிதம் வாங்கி முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிட்டுப் போங்க, பேனா எடுக்காதீங்க, போட்டோ எடுக்குறதுக்குத் தனியாக் கேளுங்க. பங்குப் பதிவேடு பாக்குறதா இருந்தா மறைமாவட்ட வரலாறு தெரிஞ்சிருக்கணும், சிவகங்கை மறைமாவட்டம் 1987லதான் வந்துச்சு, அதுக்கு முன்ன மதுரை, 1938க்கு முன்ன திருச்சி, அதனால தேடுற தாள் வேற ஊர்ல இருக்கலாம். பதிவேட்டுல குடும்ப ரகசியமும் சாதிப் பேரும் இருக்கும், உயிரோட இருக்கவங்களைத் தொடுற எதையும் ஆய்வேட்டுல பேரு சொல்லி எழுதக்கூடாது.

பெரியவங்ககிட்ட கேக்குறதுக்குத் திருவிழா நேரம் சரிப்படாது, எல்லாரும் வேலையா இருப்பாங்க. படகு போகாத நாள்ல கோயில் பிள்ளை, உபதேசியார், பழைய வாசகப்பா (கிறிஸ்தவக் கூத்து) நடிச்சவங்க வீட்டுக்குப் போங்க. வேதாளைல இஸ்லாமியப் பெரியவங்ககிட்டயும், ஓரியூருக்கு நேந்துக்கிட்டு வர்ற இந்துக் குடும்பங்ககிட்டயும் பேசுங்க, அவங்க நினைவுல இருக்கிற சாமியாரு கடிதத்துல இருக்கிறவரு மாதிரி இருக்கமாட்டாரு. அவங்க சொல்றத "நம்பிக்கை"ன்னு ஒதுக்கிறாதீங்க, 1693ல என்ன நடந்துச்சுங்கிறதுக்கு அது சாட்சி இல்லாம இருக்கலாம், ஆனா அதுக்கப்புறம் இந்த 300 வருஷமா சனங்க அந்தச் சாவை என்னவாப் புரிஞ்சுக்கிட்டாங்கங்கிறதுக்கு அதைவிடப் பெரிய ஆவணம் எந்தக் காப்பகத்துலயும் இல்லை. ரெண்டையும் தனித்தனி அத்தியாயமா எழுதுங்க, கலக்காதீங்க, வாய்மொழித் தேர்வுல முதல்ல கேக்குறதும் இதைத்தான், எந்த வரி கடிதத்துல இருந்து வந்துச்சு, எந்த வரி ஊரு சொன்னதுன்னு.