முதல் அக்குபங்சர் அப்பாயின்ட்மென்ட்: ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் குளிர்காலத்திலேயே நம்மில் பலருக்கு இடுப்போ கழுத்தோ பிடித்துக்கொள்ளும். வேர்ஹவுஸில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பெட்டி தூக்குவது, வீட்டுக்கு வந்தால் வாசலில் பனி அள்ளுவது, அதையும் முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்தே அள்ளுவது, எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். குடும்ப டாக்டர் டைலினால் என்ற வலி மாத்திரையைப் போடச் சொல்வார், பிசியோவுக்குப் போகச் சொல்வார். கூட வேலை செய்யும் யாராவது "அக்குபங்சர் பண்ணிப் பாருங்களேன், பெனிபிட்லயே வருமே" என்பார். மெல்லிய ஊசியை உடம்பில் சில புள்ளிகளில் வைத்து வலியைக் குறைக்கப் பார்ப்பதுதான் அக்குபங்சர், பெனிபிட் என்பது வேலையிடம் தரும் மருத்துவ இன்சூரன்ஸ். அங்கே நிற்பவர்களுக்காகத்தான் இது. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் சட்டம் வேறு.

முதலில் யாரிடம் போகிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் பலருக்கு அக்குபங்சர் என்றதும் நினைவுக்கு வருபவர், விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு "மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லும் ஹீலர். இங்கே கதை வேறு. 2013 ஏப்ரலிலிருந்து ஒன்டாரியோவில் இது சட்டத்துக்கு உட்பட்ட தொழில். சீன மருத்துவர்களுக்கும் அக்குபங்சர் செய்பவர்களுக்கும் சேர்த்து ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.ஏசி (R.Ac, பதிவு பெற்ற அக்குபங்சர் நிபுணர்) அல்லது ஆர்.டிசிஎம்பி (R.TCMP, பதிவு பெற்ற சீன மருத்துவர்) என்று போட்டுக்கொள்வார்கள். 2022-ல் மாகாண அரசு இந்த அமைப்பையே கலைக்கப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கிவிட்டது. அதனால் இன்றும் அவர்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். பெயரைத் தட்டுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர் வரவில்லை என்றால் வேறு எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள், ஏனென்றால் பிசியோதெரபிஸ்ட், கைரோபிராக்டர் போன்றவர்களும் தங்கள் சொந்த அமைப்பின் விதிப்படி ஊசி வைக்கலாம். அப்படியும் இல்லாமல் யாரோ வீட்டு பேஸ்மென்டில் வைத்துச் செய்கிறார் என்றால் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் போகாதீர்கள்.

அடுத்தது காசு. ஓஹிப் கார்டு, அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, இதற்குச் செல்லாது. வேலையிடத்து பெனிபிட் இருந்தால் அதில் வரும், இல்லையென்றால் கையிலிருந்துதான். முதல் தடவைக்கு 100 டாலரைச் சுற்றி ஆகும், கூடவும் ஆகலாம். அடுத்தடுத்த தடவைகள் கொஞ்சம் குறையும். எச்எஸ்டி என்ற விற்பனை வரி கிடையாது, பதிவு பெற்றவர் தரும் அக்குபங்சருக்கு 2014-லிருந்து அந்த வரி விலக்கு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே போன் போட்டு மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: வருடத்துக்கு எவ்வளவு வரை, ஒரு தடவைக்கு எத்தனை சதவீதம், செய்பவர் ஆர்.ஏசியாக இருந்தே ஆக வேண்டுமா. பிசியோ வைத்த ஊசி பெரும்பாலும் பிசியோ கணக்கில்தான் போகும், அக்குபங்சர் கணக்கில் போகாது. இது தெரியாமல் இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு க்ளெய்ம் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர். பெனிபிட் இல்லாதவர்கள் ஒரே அறையில் பல நாற்காலி போட்டு, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கிக்கொள்ளும் கிளினிக்குகளையும் மாணவர்கள் மேற்பார்வையில் செய்யும் பயிற்சிக் கிளினிக்குகளையும் தேடிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு கண்டிப்பு. வெற்று க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "உங்க பெனிபிட் மிச்சம் இருக்கு, மனைவி பேர்லயும் ஒண்ணு போட்டுடலாம், ஷூ வாங்கித் தரோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் இடங்கள் உண்டு. டொராண்டோ பஸ், சப்வே ஓட்டும் டிடிசியில் ஒரு கடையோடு சேர்ந்து பொய் க்ளெய்ம் போட்ட விவகாரத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நேற்று வந்த நாம் எம்மாத்திரம்.

சரி, போகும் நாளுக்கு வருவோம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தலை சுற்றும். வெள்ளிக்கிழமை விரதம், கந்த சஷ்டி விரதம் என்றால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இட்லியோ ஒரு பாணோ போதும், வயிறு முட்டவும் வேண்டாம். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், அதன் நிறமும் மேல் படிவும் அவர்களுக்கு முக்கியம். அதனால் அன்று காலை மட்டும் நாக்கு வழிக்காதீர்கள், போவதற்குச் சற்று முன் காபி, பீட்ரூட் எதுவும் வேண்டாம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் மேலே சுருட்டிவிடக்கூடிய உடை போடுங்கள். குர்த்தாவும் இறுக்கமான லெகிங்ஸும் போட்டுப் போய், உள்ளே வேறு தெர்மலும் போட்டுக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குலம் ஏற்றுவதற்குள் வியர்த்துவிடும். பெண்களுக்குப் பெண்தான் செய்ய வேண்டும் என்றால் புக் பண்ணும்போதே சொல்லலாம், கூட ஒருவர் அறையில் இருக்கட்டும் என்றும் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதல் தடவை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதில் பாதி பேச்சுதான். வலி எங்கே என்று கேட்டுவிட்டுத் தூக்கம், பசி, மலம், மாதவிலக்கு, உள்ளங்கால் குளிருமா, ராத்திரி வியர்க்குமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இடுப்பு வலிக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும், பதில் சொல்லுங்கள். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பது சித்த வைத்தியரிடம் போனவர்களுக்குப் புதிதாக இருக்காது. இரண்டு கையிலும் பார்ப்பார்கள், கணக்கு மட்டும் வேறு. நீங்களாகவே சொல்ல வேண்டியவை: கர்ப்பமாக இருக்கிறீர்களா, இருக்க வாய்ப்பு உண்டா (சில புள்ளிகளைத் தவிர்ப்பார்கள்), வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா, பேஸ்மேக்கர் உண்டா, சர்க்கரை உண்டா. ஊர் மருந்து, கஷாயம் எதுவாக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் போதும். கடைசியில் ஒரு சம்மதப் படிவம் வரும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், புரியாத வரியைக் கேளுங்கள்.

இனி ஊசி. ரத்தம் எடுக்கும் ஊசி இதைவிட மூன்று நான்கு மடங்கு பருமன். இது கால் மில்லிமீட்டர்தான், உள்ளே துளையும் கிடையாது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஊசி, சீல் வைத்த பாக்கெட்டை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். தோலைப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைப் புள்ளியில் நிறுத்தி, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஊசித் தலையை விரல் நுனியால் ஒரு தட்டு. அவ்வளவுதான், நுழைந்தது தெரியாது. அப்புறம் குழாயை எடுத்துவிட்டு ஊசியை இரண்டு விரலால் லேசாகத் திருகும்போதுதான் உள்ளே கனமாக ஓர் இழுப்பு வரும், சில சமயம் மரத்துப்போன மாதிரி கீழே ஓடும். அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். சுருக்கென்று நெருப்பு மாதிரி குத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சொல்லுங்கள், எடுத்து வேறு கோணத்தில் வைப்பார்கள். நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு, டாக்டரிடம் வலிக்கிறது என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைப்பது.

வலி இடுப்பில் இருக்க, ஊசி முழங்காலுக்குக் கீழேயும் கணுக்காலிலும் இருக்கும். கேட்டால் விளக்குவார்கள். பிறகு இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். விளக்கைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கையில் மணி கொடுப்பார்கள். பலர் தூங்கிவிடுவார்கள், சிலருக்கு மூக்கு அரிக்கும், கையில் ஊசி இருப்பதால் சொறிய முடியாது, அதுதான் உண்மையான சோதனை. கப்பிங் (சின்னக் குவளைகளை முதுகில் கவிழ்த்துத் தோலை உறிஞ்சி இழுப்பது) செய்யட்டுமா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். முதுகில் கருநீல வட்டங்கள் சில நாள் இருக்கும், வீடியோ காலில் அம்மா பார்த்தால் பதறிவிடுவார்.

முடிந்ததும் மெதுவாக எழுந்திருங்கள். ஊசி எடுத்த இடத்தில் ஒரு துளி ரத்தம், சின்னக் கன்றல், அன்று முழுக்க அசதி, இதெல்லாம் சாதாரணம். தோள், மேல் முதுகு, நெஞ்சுப் பக்கம் ஊசி வைத்த பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். மிக அபூர்வம்தான், ஆனால் ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு.

பலன் உண்டா என்றால், நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் தேய்மானம், தலைவலி இவற்றுக்கு ஓரளவு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் போலி ஊசியோடு பார்த்தால் வித்தியாசம் சின்னது. எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு இடுப்பு வலிக்கு 2009-ல் பரிந்துரைத்தது, 2016-ல் எடுத்துவிட்டது, 2021-ல் சில வகை நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. சர்க்கரையைக் குணமாக்குகிறேன், இன்சுலினை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் எந்த நாட்டில் சொன்னாலும் நம்பாதீர்கள். என் கணக்கு, நாலைந்து தடவையில் வித்தியாசம் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். அதனால் முதல் நாளே பத்துத் தடவைக்கான பேக்கேஜை வாங்க வேண்டாம்.

வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள், பல இடங்களில் இல்லையென்றால் கட்டணம் எடுப்பார்கள். ரசீதில் அவரின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள், பெனிபிட்டில் திரும்பி வராத பணத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். கார்டு மெஷினில் டிப்ஸ் கேட்கும் திரை வந்தால் பதற வேண்டாம், பூஜ்யத்தை அழுத்துங்கள். கிளினிக்கில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.