செல்லின் மேல் இருக்கும் ஈஜிஎஃப்ஆரை ஃப்ளோவில் பார்ப்பது எப்படி?

ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேல் இருந்து வளர்ச்சி சிக்னலைப் பிடிக்கும் ரிசப்டர் புரதம். ஃப்ளோ என்றால் ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளப்பது. ஏ431 என்ற புற்றுநோய்ச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் கொட்டிக் கிடக்கும், ஒரு செல்லுக்கு 10 லட்சத்துக்கும் மேல். அதிலேயே எனக்கு சிக்னல் வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று புதுக் குப்பி பிரித்தேன். அதுவும் அப்படியே. இத்தனைக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை) அதே ஆன்டிபாடி 170 கிலோடால்டன் பக்கம் பளிச்சென்று பட்டை காட்டியிருந்தது.

1. ஆன்டிபாடி எங்கே ஒட்டும் என்று பாருங்கள். ஈஜிஎஃப்ஆரின் தலை செல்லுக்கு வெளியே, டைரோசின் கைனேஸும் வாலும் உள்ளே. என் ஆன்டிபாடி வாலைப் பிடிப்பது. பிளாட்டில் செல்லை உடைத்துவிடுகிறோம், வால் கிடைக்கிறது. உயிருள்ள செல்லில் சவ்வைத் தாண்டி ஆன்டிபாடி உள்ளே போகாது. டேட்டாஷீட்டில் ‘ஃப்ளோ’ என்றிருந்ததை நம்பி வாங்கினேன். கீழே பொடி எழுத்தில் ‘துளையிட்ட செல்களில்’ என்று இருந்தது. வெளிப்பகுதியைப் பிடிக்கும் குளோன்தான் (ஆன்டிபாடி வகை) வேண்டும். ஃப்ளோரோகுரோம், அதாவது ஒளிரும் சாயம், ஏற்கெனவே கோத்ததாக வாங்குங்கள். இரண்டாம் ஆன்டிபாடி தொல்லை நமக்கு வேண்டாம்.

2. செல்லைப் பெயர்த்தெடுங்கள். ட்ரிப்சின் வேண்டாம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை வெட்டிவிடலாம். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, 2 மில்லிமோலார் ஈடிடிஏ ஊற்றி 37 டிகிரியில் வையுங்கள். ஏ431 லேசில் விடாது. 15 நிமிடமாவது பொறுங்கள்.

3. இனி எல்லாம் ஐஸில். சூட்டில் ஆன்டிபாடியோடு சேர்த்து ரிசப்டரையும் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். டியூபுக்கு 2 லட்சம் செல், ஆன்டிபாடி, 2 சதவீத சீரம் கலந்த குளிர்ந்த பிபிஎஸ் 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 30 நிமிடம். அப்புறம் இரண்டு முறை கழுவல். செத்த செல் எதையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைக் காட்டும் சாயமும் சேருங்கள்.

4. கன்ட்ரோல். ஐசோடைப் (ஈஜிஎஃப்ஆரைக் குறிவைக்காத, அதே வகை ஆன்டிபாடி) மட்டும் போதாது. ஈஜிஎஃப்ஆர் இல்லாத கே562 செல்லையும் கூடவே ஓட்டுங்கள். ஏ431 வரைபடத்தின் வலது ஓரத்தில் போய் முட்டினால் டிடெக்டர் வோல்டேஜைக் குறையுங்கள்.

பின்சேர்க்கை: ஈஜிஎஃப்ஆரில் ஒட்டும் புற்றுநோய் மருந்தான செடுக்ஸிமாப் கொடுத்த செல்லில் சிக்னல் படுத்துவிட்டது, ரிசப்டர் குறைந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்த குளோன் என்று கேட்டேன், 225 என்றார். செடுக்ஸிமாபே அந்த எலி ஆன்டிபாடியிலிருந்து வந்ததுதான். ரிசப்டரின் அந்த இருக்கையில் மருந்து முதலில் உட்கார்ந்துவிட்டால் 225-க்கு இடமேது? வேறு இடத்தில் ஒட்டும் குளோனில் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.