பழைய பாடத்தோடு புதிய கீகேட் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்யூட் போர்டு வரையக் கற்றுக்கொள்ள இப்போது பலரும் கீகேட் பக்கம்தான் வருகிறார்கள். இலவசம், திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஈகிள் என்ற இதே வகை மென்பொருளில் பழகியவர்களும் வருகிறார்கள். 2026 ஜூன் 7-க்குப் பிறகு ஈகிள் கிடைக்காது என்று ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது. இப்படி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆரம்பத்திலேயே ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: பாடத்தில் அழுத்தச் சொல்லும் பொத்தான் அவர்கள் திரையில் இல்லை.

இதற்குக் காரணம் மென்பொருளின் வளர்ச்சி வேகம். பிரான்ஸைச் சேர்ந்த ஜான் பியர் ஷரா 1992-ல் தொடங்கிய திட்டம் இது. 2013-லிருந்து ஐரோப்பிய அணு இயற்பியல் ஆய்வகமான செர்னும் கைகொடுத்தது. 5-ஆம் பதிப்பு 2018 ஜூலையில் வந்தது, 6-ஆம் பதிப்பு 2021 டிசம்பரில். நடுவில் இருந்த அந்த மூன்றரை ஆண்டில் கோப்பு வடிவம், மெனு, கருவிகளின் பெயர் எல்லாமே மாறின. அப்புறம் பிப்ரவரிதோறும் ஒன்று: 2023-ல் 7, 2024-ல் 8, 2025-ல் 9. ஆனால் தேடினால் கண்ணில் படும் வீடியோக்களும் பாடங்களும் பல 4, 5 காலத்தவை. அவற்றைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கீமாட்டிக் (சர்க்யூட்டின் இணைப்பு வரைபடம்) வரைவது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபுட்பிரின்ட் (பாகம் போர்டில் உட்காரும் இடத்தின் வடிவம்) கொடுப்பது, போர்டில் அடுக்கி டிராக் (செம்புப் பாதை) இழுப்பது, விதிகளைச் சரிபார்ப்பது, கெர்பர் (போர்டு செய்பவருக்குத் தரும் கோப்புகள்) எடுப்பது என்ற வேலையின் வரிசை அன்றும் இன்றும் ஒன்றுதான். வரிசையைப் பழைய பாடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொத்தானையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு வருகிறது.

பாடம் எந்தப் பதிப்புக்கு, தன் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் தொடங்குவதுதான் அடிப்படைத் தவறு. உபுண்டு லினக்ஸில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவினால் புதியது வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உபுண்டு 22.04-ல் அப்படிக் கிடைப்பது கீகேட் 6, 24.04-ல் 7. புதியது வேண்டுமென்றால் கீகேட் தளம் சொல்லும் பிபிஏ (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) வழியாகவோ ஃபிளாட்பேக் (லினக்ஸில் இன்னொரு நிறுவும் முறை) வழியாகவோ போக வேண்டும். அதிகாரபூர்வ ஆவணத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு இருக்கிறது, தேடுபொறி பழையதில் கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்தின் முகவரியிலேயே 5.1, 9.0 என்று எண் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். பதிப்பு எண்ணே சொல்லாத வீடியோ என்றால், போர்டுக்குப் போகுமுன் நெட்லிஸ்ட் (எது எதோடு இணைகிறது என்ற பட்டியல்) பொத்தானை அழுத்துகிறார்களா என்று கவனியுங்கள். அழுத்தினால் அநேகமாக அது 5-க்கோ அதற்கு முந்தியதற்கோ எடுத்தது.

சரி, வீடியோ 5-க்கு, நம்மிடம் இருப்பது 9. உடனே பலருக்குத் தோன்றும் யோசனை, 5-ஐயே நிறுவிவிடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். பழக்கம் கைக்கு வந்த பிறகு இன்னொரு முறை மாற்றிக் கற்க வேண்டிவரும். அதைவிடப் பெரிய தொல்லை கோப்புகள். பழைய திட்டத்தைப் புதியதில் திறக்கலாம், புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. நண்பரோ அலுவலகத்தில் கூட இருப்பவரோ 7-ல் வரைந்து அனுப்பியதை நீங்கள் 9-ல் திறந்து யோசிக்காமல் சேமித்துத் திருப்பி அனுப்பினால், அவரால் அதைத் திறக்கவே முடியாது. திறக்குமுன் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து வையுங்கள். சேர்ந்து செய்யும் வேலை என்றால் பதிப்பை முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

நெட்லிஸ்ட் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போர்டே வீணாகும். பழைய முறையில் ஸ்கீமாட்டிக் முடிந்ததும் நெட்லிஸ்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஃபுட்பிரின்ட் இணைக்கத் தனிக் கருவியைத் திறந்து, பிறகு போர்டு சாளரத்தில் அந்தக் கோப்பைப் படிக்க வைப்பார்கள். இப்போதும் ஏற்றுமதி மெனுவில் நெட்லிஸ்ட் ஒளிந்திருக்கிறது. அதனால் பாடத்தை விடாப்பிடியாகப் பின்பற்றுகிறவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதே வழியில் போய்விடுகிறார். இரண்டு நாள் கழித்து ஸ்கீமாட்டிக்கில் ஒரு ரெசிஸ்டரின் இணைப்பை மாற்றுகிறார். நெட்லிஸ்ட்டைத் திரும்ப எடுக்க மறந்துவிடுகிறார். போர்டில் விதிச் சோதனை ஓட்டினால் பிழை எதுவும் வராது. போர்டு தனக்குத் தெரிந்த பழைய இணைப்புகளின்படி சரியாகத்தானே இருக்கிறது!

இதற்கு எஃப்8 விசை போதும். ஸ்கீமாட்டிக்கிலிருந்து போர்டை நேரடியாகப் புதுப்பிக்கும் இந்த வசதி 5-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஸ்கீமாட்டிக்கில் எதைத் தொட்டாலும் எஃப்8 அழுத்துங்கள். என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் வரும், அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். விதிச் சோதனைப் பெட்டியில் ஸ்கீமாட்டிக்கும் போர்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது. பழைய வீடியோக்களில் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைசிச் சோதனையை அந்த டிக் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அடுத்து, ஸ்கீமாட்டிக்கில் ஓட்டும் மின் விதிச் சோதனை காட்டும் பிழையை அடக்கிவிடுவது. பேட்டரியை மாட்ட இரண்டு பின் (கால்) கொண்ட கனெக்டர், அதிலிருந்து வோல்டேஜைச் சீராக்கும் ஒரு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் என்று வரைந்திருக்கிறீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பவர் இன்புட் பின்னுக்கு எந்த பவர் அவுட்புட் பின்னும் மின்சாரம் தரவில்லை என்று சோதனை கத்துகிறது. பழைய பதிப்பில் இதே பிழை வேறு வாசகத்தில் வரும், எனவே பிழையின் வாசகத்தை அப்படியே தேடினால் பொருத்தமான விடை கிடைக்காமல் போகலாம். சிலர் பின் வகை அட்டவணையையே மாற்றி அந்தப் பிழையை வரவிடாமல் செய்யச் சொல்வார்கள். அது கூடாது. நாளைக்கு உண்மையாகவே மின்சாரம் போகாத ஐசி இருந்தாலும் சோதனை வாய் திறக்காது.

கனெக்டரின் பின்கள் பேசிவ் வகை, அதாவது மின்சாரம் தருவதாகவோ வாங்குவதாகவோ குறிக்கப்படாதவை. அங்கே பேட்டரி வந்து மாட்டப்போகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதைத் தெரிவிப்பதற்கென்றே பவர் ஃபிளாக் என்ற சின்னம் இருக்கிறது. உள்ளே வரும் வோல்டேஜ் லைனில் ஒன்று, கிரவுண்டில் ஒன்று போடுங்கள், பிழை போய்விடும். ரெகுலேட்டரின் வெளியீட்டில் போட வேண்டாம். அந்தப் பின் ஏற்கெனவே பவர் அவுட்புட், அங்கேயும் ஃபிளாக் போட்டால் இரண்டு அவுட்புட் மோதுகின்றன என்று புதுப் பிழை வரும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்தப் பதிப்பு எந்த வாசகத்தில் கத்தினாலும் உங்களுக்குத் தெரியும்.

பாகங்களின் சின்னங்களும் ஃபுட்பிரின்ட்களும் இருக்கும் லைப்ரரியிலும் பழைய பாடங்கள் வழிதவற வைக்கும். 4-ஆம் பதிப்புக் காலத்தில் ஃபுட்பிரின்ட்களை இணையத்திலிருந்து நேரடியாக இழுக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கான அட்டவணை அமைப்பைக் காட்டும் பாடங்கள் இன்னும் இருக்கின்றன. இப்போது அந்த வேலையே இல்லை, லைப்ரரிகள் நிறுவும்போதே வந்துவிடுகின்றன. இணையத்தில் கிடைக்கும் 5-ஆம் பதிப்புத் திட்டத்தைத் திறக்கும்போது பாகங்களுக்குப் பதில் கேள்விக்குறி போட்ட பெட்டிகள் தெரிந்தால், சின்னங்களின் நகல் இருக்கும் கேஷ் லைப்ரரிக் கோப்பு திட்டத்தோடு வரவில்லை என்று ஊகிக்கலாம். அன்றைய ஸ்கீமாட்டிக் கோப்பில் சின்னங்கள் இருக்காது, 6-லிருந்துதான் ஸ்கீமாட்டிக்குக்குள்ளேயே வைத்துச் சேமிக்கிறது. ஒவ்வொரு சின்னமாக உட்கார்ந்து திரும்ப வரைவதற்கு முன், திட்டத்தைப் பகிர்ந்தவரிடம் அந்தக் கோப்பைக் கேட்டுப் பாருங்கள்.

சின்னமும் ஃபுட்பிரின்ட்டும் எங்கிருந்து வந்தாலும் பின் வரிசையைத் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். பிசி547, 2என்3904 என்ற டிரான்சிஸ்டர்கள் இரண்டும் என்பிஎன் வகை, இரண்டும் டிஓ-92 பேக்கேஜ். தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால், முதலாவதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். பாடத்தில் ஒன்றைப் போட்டிருக்க, கடையில் கிடைத்ததென்று மற்றதைப் போட்டால் சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்யாது. எந்தச் சோதனையும் இதைப் பிடித்துத் தராது.

பாடத்தில் வரும் டிராக் அகலம், இடைவெளி, துளை அளவு எல்லாம் அந்த ஆசிரியர் அன்று போர்டு செய்யக் கொடுத்த இடத்துக்குப் பொருந்தியவை. நீங்கள் கொடுக்கப்போகும் நிறுவனம் என்ன தாங்கும் என்று தன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த எண்களை போர்டு செட்டப்பில் போட்ட பிறகுதான் முதல் டிராக்கையே இழுக்க வேண்டும்.

குறுக்கு விசைகளை வீடியோ பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம். கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் உங்கள் பதிப்பின் முழுப் பட்டியலும் வந்துவிடும். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டாலும் பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் 5-ன் மெனுவையும் 8-ன் மெனுவையும் கலந்து, இல்லாத ஒரு வழியை உறுதியாகச் சொல்லிவிடும்.

பழைய பாடத்துக்கும் புதிய திரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வழி, ஒவ்வொரு பெரிய பதிப்போடும் கீகேட் குழு வெளியிடும் அறிவிப்புக் கட்டுரைகள். 6, 7, 8, 9 நான்கையும் வரிசையாகப் படித்தால் எது எங்கே போனது, எது புதிது என்று படங்களோடு இருக்கும். ஏனோ கற்றுக்கொள்கிறவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. மென்பொருளோடு வரும் டெமோ திட்டங்களும் அப்படித்தான். உங்கள் பதிப்பிலேயே ஒழுங்காகத் திறக்கும், முழுமையாக வரைந்த போர்டுகள் அவை. ஒரு சந்தேகம் வந்தால் அதில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கிளிக் செய்து பாருங்கள்.

போர்டை அனுப்புமுன் கடைசியாக ஒன்று. கெர்பர் எடுக்கும் மெனுவின் இடம் மாறியிருக்கலாம், துளைகளுக்கான ட்ரில் கோப்பை இப்போதும் தனியாகத்தான் உருவாக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக் கீகேட்டின் கெர்பர் வியூவரில் ஒன்றாகத் திறந்து, கால் நுழையும் ஒவ்வொரு பேடின் (பற்றவைக்கும் செம்பு இடத்தின்) நடுவிலும் துளை உட்கார்ந்திருக்கிறதா, வெளிக்கோடு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜிப் செய்யுங்கள்.